கம்பியில் குத்திய கடிதங்கள்

சென்ற சித்திரையில் எங்கள் ஊர் வீட்டைப் பிரித்தோம். ஓடு இறக்குவதற்கு முந்தின நாள் சாமான்களை ஒழிக்கப் போனபோது, பத்தாயத்துக்கு மேலே உத்தரத்து ஆணியில் அந்தக் கம்பி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மேல்நுனி கொக்கியாக வளைந்து, அடியில் வட்டப் பலகைத் துண்டு கோத்த இரும்புக் கம்பி. ஒரு காலத்தில் அது இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. தபாலில் எது வந்தாலும் படித்து முடித்ததும் அதில் குத்தப்படும். மின்கட்டண ரசீது, மணியார்டர் துண்டு, கூட்டுறவுச் சங்க நோட்டீஸ், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, கார்டு, இன்லண்ட் லெட்டர் எல்லாம் ஒரே கம்பியில். அடியில் பழையது, மேலே புதியது. துக்கக் கடிதம் மட்டும் அதில் ஏறாது. அதைப் படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். ஆகையால் முப்பது வருடத்துக் கடிதங்கள் கோத்திருந்த அந்தக் கம்பியில் ஒரு சாவுகூட இல்லை.

“இதெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குத்தான்” என்றார் சித்தப்பா. நான் அதை ஆணியிலிருந்து எடுத்து ஒரு துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கியது. உலக வரலாற்றை இருபது வருடமாக ஆசையோடு படித்துவருகிறேன். எத்தனையோ போர்களின் வருடம் எனக்கு மறந்துபோயிருக்கிறது. அரச வம்சங்களின் வரிசை மறந்துபோயிருக்கிறது. மறக்காமல் நிற்பவை, யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு அவசரத்தில் எழுதிய சில வரிகள். எழுதியவருக்கு நம்மைப் பற்றிய நினைப்பே இருந்திருக்காது. அந்த வரிகள் இத்தனை காலம் பிழைத்தது எப்படி என்பதும் சேர்ந்தே மனதில் நிற்கிறது. அவற்றில் சிலவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் லமாஸி. துருக்கியில் கைசேரி நகருக்கு அருகே குல்தெபெ என்றொரு மண்மேடு இருக்கிறது. கி.மு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே கானேஷ் என்ற ஊர் இருந்தது. இன்றைய வட இராக்கில் டைகிரிஸ் நதிக்கரையிலிருந்த அஷூர் நகரத்து வணிகர்கள் கானேஷில் போய்த் தங்கி வியாபாரம் செய்தார்கள். அஷூரிலிருந்து வெள்ளீயமும் துணியும் கழுதைகளில் போகும். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். ஆறு வார நடை. திரும்பி வருவது வெள்ளியும் பொன்னும். ஆண்கள் வருடக்கணக்கில் கானேஷிலேயே கிடக்க, மனைவிமார் அஷூரில் பிள்ளைகளையும் தறியையும் பார்த்துக்கொண்டார்கள். இரு பக்கத்துக்கும் இடையே களிமண் கடிதங்கள் போய்வந்தன. உள்ளங்கைக்குள் அடங்கும் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதி, உலரவைத்து, அதன்மேல் மெல்லிய களிமண் உறையைப் போர்த்தி, முத்திரையை உருட்டி அனுப்புவார்கள். 22,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் குல்தெபெயில் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கணக்கு, கடன், வழக்கு. நடுநடுவே வீட்டுப் பேச்சு.

லமாஸியின் கணவர் புஷு-கென் அந்த வணிகர்களில் பெரிய புள்ளி. மனைவி நெய்து அனுப்பும் துணியைப் பற்றி அவர் குறை எழுதியிருக்கிறார் போலும். அதற்கு லமாஸி கொடுத்த பதிலைப் படித்தால் தறியடியில் நின்றுகொண்டே சொல்லி எழுதியதுபோல் சூடாக இருக்கிறது. துணிகள் வந்து இறங்கும்போது அவற்றை மட்டம் தட்டுகிற அந்த ஆள் யார், உன் வீட்டில் குடியிருக்கிறவனா என்று கேட்கிறார். ஒவ்வொரு பயணத்திலும் உன் கைக்குப் பத்து ஷெகல் வெள்ளியாவது சேரட்டும் என்றுதானே நான் இந்தப் பாடுபடுகிறேன் என்கிறார். வேறொரு கடிதத்தில், நீ போனபிறகு சலிம்-அஹும் தன் வீட்டை இரண்டு பங்காகக் கட்டிவிட்டான், நாம் எப்போது கட்டப்போகிறோம் என்கிறார். இன்னொன்றில், சின்னப் பெண் நன்றாக வளர்ந்துவிட்டாள், கிளம்பி வா, அவளை அஷூர் தெய்வத்தின் மடியில் வை என்கிறார். துணி, வீடு, பெண். சுமார் 3,900 வருடத்துக்கு முந்தைய ஒரு குடும்பத்தின் கவலை முழுவதும் இந்த மூன்றிலும் வந்துவிடுகிறது. புஷு-கென் கடத்தல் சரக்கு விஷயத்தில் மாட்டி அரண்மனைச் சிறையில் கிடந்ததை வேறொரு வணிகரின் கடிதம் சொல்கிறது. லமாஸிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ஆறு வாரமாவது ஆகியிருக்கும் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துப் போகிறது.

கி.மு. 1835 வாக்கில் கானேஷின் அந்த வணிகர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. ஊர் சாம்பலானது, அலமாரிகளில் அடுக்கியிருந்த களிமண் கடிதங்கள் இடிபாடுகளுக்குள் புதைந்து பத்திரமாயின. காகிதத்துக்கு எமனான நெருப்பு களிமண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குக் கிடைத்தவை கானேஷுக்கு வந்த கடிதங்கள். கணவர் எழுதிய பதில்கள் அஷூருக்குப் போனவை. அவற்றில் பெரும்பாலானவை நம் கைக்கு வரவில்லை. மனைவியின் குரல் கேட்கிறது, கணவருடையதை அதிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது.

களிமண்ணுக்கு நெருப்பென்றால் பாப்பிரஸ் என்ற கோரைத் தாளுக்குப் பாலைவனம். எகிப்தில், இன்றைய லக்ஸர் நகருக்கு எதிர்க்கரையில், மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த கைவினைஞர்களுக்கென்று ஒரு சிறிய ஊர் இருந்தது. இன்று அதன் பெயர் தெய்ர் எல்-மதீனா. வேலை அரசாங்க வேலை. கூலி தானியமாக வரும். எழுதத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் அதிகம். சுண்ணாம்புக் கல் சில்லுகளில் கண்டதையும் எழுதி, பிறகு குப்பையில் எறிந்திருக்கிறார்கள். இரண்டாம் ராம்செஸ் ஆட்சியின் 40ஆவது வருடத்து வருகைப் பதிவு ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் யார் எந்த நாளில் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்ற பட்டியல். ஒருவருக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண் நோய். ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சினார். ஒருவர் தன் தாயின் உடலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கடைசிக் காரணத்தை இரண்டொரு சொல்லில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார் கணக்கர்.

இதே ஊரில்தான், மூன்றாம் ராம்செஸின் 29ஆவது வருடத்தில், கூலி தானியம் வராமல் நாள் கடந்துபோனதும் தொழிலாளர்கள் பசிக்கிறது என்று கருவியைக் கீழே போட்டுவிட்டுக் கோயில் பின்புறத்தில் போய் உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வார்கள். பலரும் அறிந்த கதை, நான் நீட்டவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டவர் அங்கே வாழ்ந்த நவுனக்தே என்ற கிழவி.

கி.மு. 12ஆம் நூற்றாண்டின் நடுவில், ஐந்தாம் ராம்செஸின் மூன்றாவது வருடத்தில், அவர் ஊர் மன்றத்தின் முன் வந்து நின்று உயில் சொன்னார். இந்த எட்டுப் பேரையும் நான்தான் வளர்த்தேன், குடும்பம் வைப்பதற்கு வேண்டியதைக் கொடுத்தேன், இதோ எனக்கு வயதாகிவிட்டது, இப்போது அவர்கள் என்னைப் பார்த்துக்கொள்வதில்லை என்றார். என் கையில் கை வைத்தவர்களுக்கு என் சொத்தைத் தருகிறேன், வைக்காதவர்களுக்குத் தரமாட்டேன் என்றார். முதல் கணவர் எழுத்தராக இருந்தவர். அவர் வழியாக வந்த சொத்து நவுனக்தே கையில் இருந்தது. அது அவருடைய உரிமை, அதை எப்படிப் பங்கிடுவது என்பதும் அவருடைய உரிமை. பெற்ற எட்டுப் பிள்ளைகளில் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பெயர் பெயராகச் சொன்னார். பார்த்துக்கொண்ட ஒரு மகனுக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஒரு வெண்கலப் பாத்திரம். அடுத்த வருடம் இரண்டாம் கணவரும் பிள்ளைகளும் மன்றத்துக்கு வந்து, அம்மா எழுதியபடியே நடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. அந்த உயில் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது.

இதை முதன்முதலில் படித்த இரவு நான் தூங்கவில்லை. எங்கள் தெருவிலேயே, ஒரு பித்தளை அண்டாவை யாருக்குக் கொடுப்பது என்று சாகும்வரை மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கிழவிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு மன்றம் இருக்கவில்லை, எழுதிக்கொள்ள ஆளும் இருக்கவில்லை.

போய்ச் சேராத கடிதம்தான் பிழைக்கும் என்பதற்கு மிவ்னாய் என்ற பெண்ணைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1907ஆம் ஆண்டு தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன், சீனாவின் துன்ஹுவாங்குக்கு மேற்கே, பாலைவன எல்லையிலிருந்த பழைய காவல் கோபுரம் ஒன்றின் இடிபாட்டில் ஒரு கட்டுக் கடிதங்களைக் கண்டெடுத்தார். காகிதத்தில் சோக்தியன் மொழியில் எழுதியவை. சோக்தியர்கள் இன்றைய சமர்கண்டுப் பக்கத்து வணிகர்கள். பட்டுப்பாதை வியாபாரத்தைப் பல நூற்றாண்டுகள் கையில் வைத்திருந்தவர்கள். கடிதங்களின் காலம் கி.பி. 313 வாக்கில் என்று கணித்திருக்கிறார்கள். சீனத்திலிருந்து மேற்கே புறப்பட்ட அந்தத் தபால் காவல் கோபுரத்தைத் தாண்டவில்லை. அதில் ஒரு கடிதம் லொயாங் நகரம் எரிந்ததையும், பஞ்சத்தால் பேரரசர் ஓடிப்போனதையும், அங்கிருந்த இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியில் செத்ததையும் சமர்கண்டிலிருக்கும் முதலாளிக்குச் சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். நியாயம்தான். நான் மிவ்னாயிடம் போகிறேன்.

அவரைக் கணவர் நனாய்-தத் துன்ஹுவாங்குக்கு அழைத்து வந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்று வருடமாயிற்று. மகள் ஷாய்ன் கூட இருக்கிறாள். தாய்க்கு எழுதும் கடிதத்தில், உடுக்கத் துணியில்லை, கையில் காசில்லை, கடன் கேட்டால் தருவாரில்லை என்று எழுதுகிறார். கணவருக்கு எழுதியதில், ஊருக்குப் புறப்பட வழி ஒரு முறை இரண்டு முறை அல்ல, ஐந்து முறை வந்தும் பொறுப்பில் இருந்தவர் அழைத்துப்போக மறுத்துவிட்டார் என்கிறார். என் தாய் சொல்லையும் உடன்பிறந்தவர்கள் சொல்லையும் கேட்காமல் உன் சொல்லைக் கேட்டு வந்தேனே, அந்த நாளில் தெய்வங்கள் என்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும் என்கிறார். அதன்பிறகு வருகிறது அந்த வரி: உனக்கு மனைவியாக இருப்பதற்கு ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம்.

அதே கடிதத்தின் ஓரத்தில் மகளின் சில வரிகளும் இருக்கின்றன. பொறுப்பாக இருந்தவர் கடன் வைத்துவிட்டு ஓடிப்போனதால் நானும் அம்மாவும் சீனர்களுக்கு வேலைக்காரர்களாகிவிட்டோம் என்று ஷாய்ன் எழுதுகிறாள். இந்த வரிகளை அந்தத் தகப்பன் படிக்கவே இல்லை. ஏறக்குறைய 1,600 வருடம் கழித்துப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் படித்தவர்கள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார்கள். சேர வேண்டிய கைக்குச் சேர்ந்திருந்தால் அவன் படித்துவிட்டுக் கிழித்திருப்பான்.

சில இடங்களில் சேறு காப்பாற்றியது. பிரிட்டனின் வடக்கில், ரோமானியர்களின் விண்டோலண்டா கோட்டையில், காற்றுப் புகாத ஈரமண்ணுக்குள் கிடந்த மெல்லிய மரத்தகடுகளில் மையெழுத்து கிடைத்தது. கி.பி. 100 வாக்கில் ஓர் அதிகாரியின் மனைவியான கிளாடியா செவேரா, தோழி சுல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். செப்டம்பர் 11. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசியில் சகோதரி, உன்னை எதிர்பார்த்திருப்பேன் என்று செவேரா தன் கையாலேயே சேர்த்திருக்கிறார். லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக இன்று நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழமையானது அதுவே என்கிறார்கள்.

ரஷ்யாவின் நோவ்கொரோத் மண்ணும் அப்படித்தான். தெருக்களில் மரக்கட்டை பாவி, அது அழுந்த அழுந்த மேலே மேலே பாவிக்கொண்டே போன ஊர். ஈரம் வடியாத அந்த மண்ணில் 1951ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, அகழ்வில் வேலை செய்த ஒரு பெண் சுருண்ட மரப்பட்டை ஒன்றைப் பார்த்தார். பூர்ச்ச மரத்துப் பட்டை. அதில் கீறல்கள், கீறல்கள் எழுத்துகள். இன்றுவரை அந்த ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைக் கடிதங்கள் கிடைத்துவிட்டன. மிகிதா என்ற இளைஞன் உல்யானிட்சாவுக்கு, என்னைக் கட்டிக்கொள், எனக்கு நீ வேண்டும், உனக்கு நான் வேண்டும், அதற்கு இக்னாத் சாட்சி என்று எழுதியதும் அதில் உண்டு.

ஆனால் நோவ்கொரோத் என்றால் எனக்கு ஒன்ஃபிம்தான். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆறேழு வயதுப் பையன். பழைய பட்டைக் கூடையின் அடிப்பாகத்தைக் கொடுத்து யாரோ அவனை எழுத்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். அகரவரிசையை எழுதுகிறான், பிறகு அசைகளை எழுதுகிறான், பிறகு சலித்துப்போகிறது. வேறொரு பட்டையில், குதிரைமேல் உட்கார்ந்து எதிரியை ஈட்டியால் குத்தும் ஒரு வீரனை வரைந்து பக்கத்தில் ஒன்ஃபிம் என்று தன் பெயரையே எழுதிக்கொள்கிறான். எழுத்துப் பழகிய கூடைப் பட்டையின் மறுபக்கத்தில் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலுமாக ஒரு பிராணி. அதன்மேல், நான் காட்டு விலங்கு. கூடவே, ஒன்ஃபிமிடமிருந்து தனிலோவுக்கு வணக்கம். தனிலோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழனாக இருக்கலாம். படத்துக்குப் படம் மனிதர்களின் விரல் எண்ணிக்கை மாறுகிறது. கை என்றால் குப்பை வாரும் பல்போல் சில கோடுகள், அவ்வளவுதான்.

ஒன்ஃபிமை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் வந்து சேர்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதப் பழகியது மணலில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து ஆனா ஆவன்னா எழுதவைத்து, அடுத்த எழுத்துக்கு அதை அழித்துவிடுவார்கள். ஒரு தமிழ்ப் பையனும் புலி வரைந்து அதன்மேல் தன் பெயரை எழுதியிருப்பான். அந்த மணல் அன்று மாலையே பெருக்கப்பட்டிருக்கும்.

மணல் போனால் ஓலை இருந்ததே என்று கேட்கலாம். ஓலை நம் வெக்கையிலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகள் தாங்கும், அதற்குள் செல்லரித்துவிடும். பிழைக்க வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து புதிய ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். சங்கப் பாட்டுகளை அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்து எழுதினார்கள். துணியின் தரத்தைப் பற்றிக் கணவனோடு சண்டையிட்ட ஓலையை யார் பெயர்த்து எழுதுவார்? இரண்டாயிரம் வருட இலக்கியம் உள்ள மொழியில், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக் கடிதம்கூட நமக்கு இல்லை. நம் பெருமையைப் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

மிஞ்சியவை பானைகள். கீழடியிலும் கொடுமணலிலும் பானை ஓடுகளில் கீறிய பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஆதன், குவிரன் என்று ஒற்றை ஒற்றைச் சொற்கள். யாருக்கு எதைச் சொன்னார்கள் என்பதில்லை, என் பானை என்பது மட்டும். அதேபோன்ற ஓடுகள் எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்-காதிமிலும் கிடைத்திருக்கின்றன; கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமியில் பெயர்கள். இன்னொன்றில், பானை ஒறி. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்து, உறியில் தொங்கவிடும் பானை என்று பொருள் சொன்னார். கடல் கடந்து போன ஒரு தமிழர், உறிப்பானையில் அது உறிப்பானை என்றே எழுதிவைத்திருக்கிறார். மண்ணாலான பானை, மழையில்லாத மண்ணில் உடைந்து கிடந்ததால் அந்த இரண்டு சொல் பிழைத்தது. முசிறிக்கு வியாபாரத்துக்குப் போன ஒருவரின் கடன் ஒப்பந்தமும் எகிப்தில்தான் பாப்பிரஸில் கிடைத்து இன்று வியன்னாவில் இருக்கிறது. நம் கரையின் சரக்கையும் கப்பலையும் பற்றிய ஏடு வறண்ட நாட்டில்தான் உயிரோடு இருக்கிறது.

காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்ற நம்பிக்கை காப்பாற்றிய கடிதங்களும் உண்டு. கடவுளின் பெயர் எழுதியிருக்கக்கூடிய எதையும் அழிக்கலாகாது என்பது யூதர்களின் மரபு. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அதற்கென்றே ஒரு அறை இருந்தது, கெனிஸா என்பார்கள். கிழிந்த புனித நூலோடு கடிதம், கடன் சீட்டு, மணமுறிவுப் பத்திரம், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சி எல்லாம் ஏறக்குறைய ஆயிரம் வருடம் அதில் விழுந்துகொண்டே இருந்தன. 1896, 97ஆம் ஆண்டுகளில் அறிஞர் சாலமன் ஷெக்டர் அங்கே போய்ப் புழுதியில் மூச்சுத் திணறியபடி அள்ளிக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 1,90,000 துண்டுகள்.

அதில் ஆபிரகாம் பென் யீஜு என்ற வணிகரின் கடிதங்கள் இருக்கின்றன. துனீசியாவின் மஹ்தியாவில் பிறந்து, 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூர்ப் பக்கத்தில் வாழ்ந்தவர். அஷு என்ற பெண்ணை 1132இல் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த ஆவணமும் அவருடையதே. வெண்கலப் பாத்திரப் பட்டறை நடத்தினார். ஏடனிலிருந்த கூட்டாளிகள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி, இதை உருக்கி இன்ன அளவில் தாம்பாளம் செய்து அனுப்பு என்பார்கள். கூடவே சர்க்கரையும் உலர்திராட்சையும் சோப்பும் காகிதமும் அன்பளிப்பாக வரும். இங்கிருந்து மிளகும் இஞ்சியும் பாக்கும் இரும்பும் போகும். மலபார்க் கரையில் நல்ல காகிதம் கிடைப்பதில்லை; அதனால் வந்த கடிதங்களின் காலியிடத்தில் அவர் தம் கணக்கை எழுதினார். மளிகைப் பைக் காகிதத்தின் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிய வீட்டில் வளர்ந்த எனக்கு அந்த மனிதரின் கையைத் தொட்டதுபோல் இருந்தது.

கெனிஸாவிலிருந்து இன்னொரு கடிதம். மோசே மைமோனிடிஸ் யூதத் தத்துவ அறிஞர்களில் தலையாயவர், மருத்துவர். அவருடைய தம்பி தாவீது ரத்தின வியாபாரி. தம்பியின் சம்பாத்தியத்தில்தான் அண்ணன் படித்தார். 1170 வாக்கில் தாவீது பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறைமுகமான ஐதாபுக்கு வந்து சேர்ந்து அண்ணனுக்கு எழுதுகிறார். வணிகக் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பாலைவனத்தைக் கடந்த ஆபத்தைச் சொல்கிறார். துறைமுகத்தில் அவுரியைத் தவிர வாங்கத் தகுந்த சரக்கு ஒன்றுமில்லை, ஆகையால் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறேன் என்கிறார். பாலைவனத்தில் காத்தவன் கடலிலும் காப்பான், வீட்டிலிருப்பவளுக்குத் தைரியம் சொல் என்கிறார். அதன்பின் அவர் இந்துமாக்கடலில் மூழ்கி இறந்தார். குடும்பத்தின் பணமும் பிறருடைய பணமும் அவரோடு போயிற்று. செய்தி வந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் மைமோனிடிஸ் படுக்கையில் கிடந்தார். எட்டு வருடம் கழித்து வேறொருவருக்கு எழுதும்போதும், அவனுடைய கையெழுத்தைக் காணும் போதெல்லாம் என் நெஞ்சு புரள்கிறது என்கிறார். தாவீதின் அந்தக் கையெழுத்து இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. படத்தில் பார்த்திருக்கிறேன், அவசரமாக ஓடும் வரிகள்.

நாம் துக்கக் கடிதத்தைக் கிழித்துவிடுகிறோம். அவர்கள் எதையும் கிழிக்கவில்லை. இரண்டில் எது சரி என்று எனக்கு முடிவு சொல்ல வரவில்லை. கிழிக்கிற கையின் அச்சமும் எனக்குப் புரிகிறது.

கடைசியாக ஒரு தாய். 1758ஆம் ஆண்டு, ஏழாண்டுப் போரின் நடுவில், போர்தோவிலிருந்து கனடாவின் கியூபெக்குக்குப் போன கலாத்தே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். அதன் மாலுமிகளுக்கு வீட்டிலிருந்து வந்த கடிதங்களைப் பிரெஞ்சுத் தபால்காரர்கள் துறைமுகம் துறைமுகமாகத் துரத்திக்கொண்டு போய்க் கொடுக்க முயன்றார்கள். கப்பல் பிடிபட்டது தெரிந்ததும் கட்டை இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். அங்கே கடற்படையின் கைக்குப் போய்ப் பெட்டிக்குள் முடங்கிவிட்டது. நூற்றுச் சொச்சம் கடிதங்கள், பெரும்பாலும் முத்திரைகூட உடைபடாதவை. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்த அவற்றை வரலாற்றாசிரியர் ரெனோ மொரியூ அனுமதி வாங்கித் திறந்து படித்து 2023இல் வெளியிட்டார்.

மரி துபோஸ்க் கப்பலின் அதிகாரியான தம் கணவருக்கு எழுதுகிறார்: இரவெல்லாம் உனக்கு எழுதிக்கொண்டே இருக்கலாம், நள்ளிரவாகிவிட்டது, படுக்கும் நேரம். மறுவருடம் அவர் இறந்துபோனார். கணவரை மீண்டும் பார்க்கவில்லை. மார்கரித் லெமுவானுக்கு 61 வயது. மகன் நிக்கோலா கெனெல் அந்தக் கப்பலில் இளம் மாலுமி. ஜனவரி 27 அன்று எழுதுவிக்கிறார். புத்தாண்டு முதல் நாளில் உன் நிச்சயித்த பெண்ணுக்கு எழுதியிருக்கிறாய். நீ என்னை நினைப்பதைவிட நான்தான் உன்னை அதிகம் நினைக்கிறேன். போகட்டும், ஆண்டவன் அருளால் உனக்கு நல்ல வருடமாக இருக்கட்டும். மூன்று வாரமாக உடம்பு சரியில்லை, கல்லறைக்குப் போகிற நிலையில் இருக்கிறேன். உன் கப்பல் தோழன் வரேனுக்கு என் வணக்கத்தைச் சொல், அவன் மனைவிதான் உன்னைப் பற்றிய செய்தியை எனக்குச் சொல்கிறாள். அவரால் தன் கையால் எழுத முடியாது, பிறரைக்கொண்டு எழுதுவித்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில வாரம் கழித்து நிச்சயித்த பெண் மரியான் எழுதுகிறாள்: உன் அம்மாவுக்கு உன் கடிதம் வந்துவிட்டது, கருமேகம் கலைந்தது. மார்ச்சில் தாயின் இன்னொரு கடிதம். இப்போது வேறு மனக்குறை: உன் கடிதங்களில் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நிக்கோலாவுக்கு இவை எதுவும் போய்ச் சேரவில்லை. அம்மாவின் கோபத்தை 265 வருடம் கழித்து நாம் வாங்கிக்கொண்டோம்.

எங்கள் கம்பியிலிருந்து கடிதங்களை ஒவ்வொன்றாக உருவி, துருவைத் துடைத்து, மேசைமேல் வரிசையாக வைத்தேன். அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. வந்த கடிதத்தை யாராவது வாசித்துக் காட்டியதும் வாங்கிக் கம்பியில் குத்துவது மட்டும் அவர் வேலை. அவருடைய பதிலைத் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போவார். அந்தப் பதில்கள் ஒன்றும் இல்லை. அப்பா வடக்கே வேலை பார்த்த காலத்தில் வாடகை அறை மாறி மாறி இருந்தவர், எங்கோ போய்விட்டன. கம்பியில் இருப்பவை அப்பா எழுதியவை. எல்லாம் ஒரே மாதிரி தொடங்குகின்றன: தாயார் அவர்களுக்கு மகன் எழுதிக்கொண்டது, இவ்விடம் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல். லமாஸியின் கடிதத்திலிருந்து புஷு-கெனை ஊகிப்பதுபோல, இவற்றிலிருந்து அப்பாயியை ஊகிக்க வேண்டியிருக்கிறது. பசு கன்று போட்டதை எழுதியிருந்தீர்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பணம் போதவில்லை என்று எழுதவேண்டாம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

அடியிலிருந்து நான்காவது கார்டில், தபால் முத்திரை மங்கியிருக்கிறது; வருடம் தெரியவில்லை. கம்பி சரியாக நடுவில் ஏறியிருக்கிறது. துருப்பிடித்த துளை, சுற்றிலும் பழுப்பு வட்டம். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் படிக்க முடிகிறது: “நான் தங்களை மறந்துவிட்டதாகத் தபால்காரரிடம் சொல்லி எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை அம்மா. நான் தினமும்”. அடுத்த சொல் துளையில் போய்விட்டது. பிறகு, “மற்றவை நேரில்.”